படத்தில் ஓர் இடம்

வாக்குச் சாவடியில் விரல் நீட்டி மையிட்டுக்கொள்ளும் நம் பெண்களில் எத்தனை பேருக்கு அந்த மையின் வரலாறு தெரியும்?

அதைச் சொல்லப் பத்து நிமிட ஆவணப்படம் எடுக்க வகுப்புத் தோழியர் நால்வர் முனைந்தோம். கதைத் தலைவி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. எழுதும் பொறுப்பு எனக்கு.

நூல்களைப் புரட்டப் புரட்ட முகங்கள் பெருகின. 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அவ்வாண்டு டிசம்பரில், சென்னை வந்த மாண்டேகுவிடம் சரோஜினி நாயுடு தலைமையில் மாதர் குழு வாக்குரிமை கேட்டது. அதன் பின்னின்று உழைத்தவர் அயர்லாந்துப் பெண்மணி மார்கரெட் கசின்ஸ். 1921-இல் சென்னை மாகாணம் இணங்கியது. 1927-இல் முத்துலட்சுமி சட்டசபை புகுந்தார்.

பொள்ளாச்சியில் அம்முச்சியிடம் படித்துக் காட்டினேன்.

"எங்காத்தா என்னைய இடுப்புல வெச்சுக்கிட்டுப் போயி 52-லதான் கண்ணு ஓட்டுப் போட்டா. அதுக்கு முந்தி எங்களையெல்லாம் ஆரு கேட்டாங்க?"

உண்மைதான். 1921-இல் வந்த உரிமை சொத்துள்ளவர்க்கே. பிறர் காட்டில் களையெடுத்தவளுக்கு எட்டவில்லை.

அம்முச்சி பேசுவதையும் படத்தில் சேர்க்க விரும்பினேன். "அவர் முன்னோடி அல்லவே!" என்றாள் ஒரு தோழி. விடை முத்துலட்சுமியிடமே இருந்தது. 1933-இல் லண்டனில் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் முன், வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை கேட்ட இந்தியப் பெண்மணிகளுள் அவரும் ஒருவர். தமக்குத் திறந்த கதவை எல்லார்க்கும் திறக்கச் சொன்னவரின் படத்தில், அவ்வழியே பின்னர் நுழைந்தவளுக்கு இடமில்லையா?

தோழி இசைந்தாள். என் அலங்கார முன்னுரையை வெட்டி, அந்த ஒரு நிமிடத்தை அம்முச்சிக்குக் கொடுத்தோம். படத்தில் எனக்குப் பிடித்த நிமிடம் அதுவே.