குமாமோட்டோ நோயாளிகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

1970-களில் ஜப்பானின் குமாமோட்டோவில், எலும்பு மஜ்ஜை செயலிழக்கும் ஏபிளாஸ்டிக் அனீமியாவோடு போராடியவர்கள் நீங்கள். டகாஜி மியாகே என்ற ஆய்வாளர் உங்கள் சிறுநீரைச் சேகரித்தார். மொத்தம் 2,550 லிட்டர்! அதைப் பொடியாக வற்றவைத்து, 1975-ல் சிகாகோவிலிருந்த யூஜின் கோல்ட்வாசரிடம் சேர்த்தார். எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனை இருபது ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தவர் அவர். 1977-ல் அது தூய வடிவில் கிடைத்தது. தேறியது பத்து மில்லிகிராம்கூட இல்லை.

டயாலிசிஸின்போது எனக்குப் போடும் ஊசியில் இருப்பது அந்த ஹார்மோன்தான்.

ஏன் உங்கள் சிறுநீர்? ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால், சிவப்பணுக்களை உருவாக்கும்படி எலும்பு மஜ்ஜைக்குச் சொல்லச் சிறுநீரகம் இந்த ஹார்மோனைச் சுரக்கும். உங்கள் எலும்பு மஜ்ஜை வறண்டுபோனதால், சுரந்ததை வாங்கிக்கொள்ள அங்கே செல்கள் இல்லை. சிறுநீரகமோ விடாமல் சுரந்தது. மிஞ்சியது சிறுநீரில் வழிந்தது. எனக்கு நேர்மாறு. மஜ்ஜை இருக்கிறது, அதற்குச் சொல்லியனுப்பச் சிறுநீரகம்தான் இல்லை.

சிவப்பணுவாக வளரவேண்டிய இளம் செல்களின் மேற்பரப்பில் இந்த ஹார்மோனுக்கென்றே ஏற்பிகள் உண்டு. ஹார்மோன் வந்து இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துப் பற்றியதும், அவற்றின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஜாக்2 நொதிகள் ஒன்றையொன்று உசுப்பும். அவை ஸ்டாட்5 என்ற புரதத்தை முடுக்க, அது உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கும். போய்ச் சேரும் முக்கியமான செய்தி, 'சாகாதே'. அது கிடைக்காத இளம் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஆரோக்கியமான உடலில் நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் பிறப்பது இந்த அனுமதியின் பேரில்தான்.

அனுமதியை முடித்துவைக்கும் ஏற்பாடும் ஏற்பியின் வால்பகுதியில் இருக்கிறது. பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிரான்டாவுக்குப் பிறவியிலேயே அந்த வால் குட்டை. அதனால் அனுமதி எளிதில் முடியாது; சிவப்பணுக்கள் எக்கச்சக்கம், ஒலிம்பிக் பதக்கங்கள் ஏழு. எல்லோருக்கும் அப்படி வாய்க்குமா என்ன!

நீங்கள் கொடுத்ததிலிருந்து தொடங்கிய வேலையால் 1983-ல் எரித்ரோபொயட்டினின் மரபணு பிடிபட்டது. 1989-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. விற்ற நிறுவனம் பெரும் பணம் பார்த்தது. கோல்ட்வாசருக்கே அதில் பெரிதாக ஒன்றும் வரவில்லை. உங்களுக்கோ, ஏற்கெனவே உடம்பில் மிதமிஞ்சி இருந்த ஒன்று மருந்தாகி என்ன பயன்?

இந்த ஊசி வருமுன் என்னைப் போன்றவர்களுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுவார்கள். அதோடு வரும் இரும்பு கல்லீரலில் படியும். பிறர் ரத்தத்துக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களால், பின்னால் மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவதும் கடினமாகும். எனக்கு இதுவரை ரத்தம் ஏற்ற வேண்டி வரவில்லை. சிறுநீரகத்துக்குப் பதிவுசெய்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
ஒரு டயாலிசிஸ் நோயாளி