சுமார் என்று ஒரு சொல்

2016 மே மாதம். நாகராஜ் மஞ்சுளேயின் 'சைராட்' வந்து மும்பை முழுக்க அந்தப் பேச்சாகவே இருந்த நேரம். செம்பூரில் எங்கள் எதிர்வீட்டு மராட்டி மாமி, காக்கு, ஒரு எவர்சில்வர் தூக்கில் ஆம்ரஸ், அதாவது மாம்பழக் கூழ், கொண்டுவந்தார். நான் முந்தின நாள்தான் படம் பார்த்திருந்தேன். எப்படி இருந்தது என்று கேட்டார். "சுமார் ஆஹே, காக்கு" என்றேன்.

"சுமார்?" என்று ஒருமுறை திருப்பிச் சொன்னார். ஆம்ரஸை எங்கள் கிண்ணத்தில் கவிழ்த்துவிட்டு, தூக்கைக் கழுவக்கூட விடாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் அவர் மகன் படியில் என்னை மடக்கினான். "ஆயி ரெண்டு தடவை பார்த்து ரெண்டு தடவையும் அழுதாங்க. நீங்க அதைப் போய் சுமார்னு சொன்னீங்களாமே?" மராட்டியில் சுமார் என்றால் மட்டம், தரமில்லாதது. விநய் ஹர்டீகர் 'சுமாராஞ்சி சத்தி' என்றே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். திறமையற்றவர்கள் ஆட்டம் போடும் காலம் என்று அதற்கு அர்த்தம் சொல்லலாம்.

எனக்குப் படம் பிடித்திருந்தது. கடைசியில் சத்தமே இல்லாமல் ஓடும் அந்த நிமிடங்கள் ராத்திரி தூங்கவிடவில்லை. பிறகு ஏன் சுமார் என்றேன்? எங்கள் வீட்டில் அதற்கு மேல் யாரும் ஒரு படத்தைப் பாராட்டியதில்லை, அதனால்தான்.

அப்பா கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதியவர். எந்தப் படத்துக்குப் போய் வந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்பைச் சொல்லிவிடுவார். நன்றாக இருந்தால் "சுமார்." நன்றாக இல்லாவிட்டால் மோர் கேட்பார். அம்மா அந்தச் சுமாரை மேலும் விசாரிப்பாள். "சுமார்னா? இழுத்துச் சொல்றேளா, வெட்டிச் சொல்றேளா?" இழுத்தால் சுமாஆர், போகலாம். வெட்டினால் சுமார், டிவியில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். 'சுமாரா இருக்கு' என்பதற்கும் 'சுமாராத்தான் இருக்கு' என்பதற்கும் நடுவே அந்தத் 'தான்' ஒரு பால்கனி டிக்கெட் விலை பெறும்.

ஆம்ரஸ் சம்பவத்துக்குப் பிறகு, இந்தச் சொல் எங்கிருந்துதான் எங்கள் வீட்டுக்கு வந்தது என்று தேட ஆரம்பித்தேன். முதலில் கிடைத்தது அப்பாவின் பழைய கணக்கு நோட்டுகள். பரணில், சிவப்புத் துணி அட்டை போட்ட நீளவாக்கு நோட்டுகள், ஒரு வருஷத்துக்கு ஒன்று. பால், அரிசி, ரயில் பாஸ், மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய வாழைக்காய் என்று வரிசையாக. நடுநடுவே சினிமாவும் இருக்கிறது. 1987 நவம்பரில் ஒரு வரி: "சினிமா (நாயகன்) 4 டிக்கெட், பஸ், காபி. சுமார்." பக்கத்துப் பத்தியில் தொகை, பைசா வரைக்கும்.

அந்தச் சுமார் தொகையைப் பற்றியதென்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் அப்படியிருக்க வாய்ப்பில்லை. நாலணா இடித்தால் ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து தேடுகிற மனிதர், சொந்தக் கணக்கில் உத்தேசத் தொகை எழுதுவாரா? நோட்டு முழுக்கப் புரட்டினேன். அரிசிக்குச் சுமார் இல்லை, ரயில் பாஸுக்குச் சுமார் இல்லை. சினிமாவுக்கு மட்டும்தான். கணக்குப் புத்தகத்திலேயே விமரிசனம் எழுதி வைத்திருக்கிறார்! அதுவும் தாதா வரதராஜ முதலியார் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் போட்ட பிள்ளையார் பந்தலைத் தன் கண்ணால் பார்த்தவர், அந்த மனிதரின் சாயலில் எடுத்த படத்துக்கு எழுதியது மொத்தமே ஒரு சொல்.

அப்பாவுக்கு இப்போது எண்பத்து மூன்று. கேட்டேன். "எங்கப்பா சொல்லுவார். தஞ்சாவூர்ல எல்லாரும் சொல்லுவா" என்றார்.

அகராதிகள் இந்தச் சொல்லைப் பாரசீகத்தில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. ஷுமார் என்றால் எண்ணுவது, எண்ணிக்கை. எண்ணில் அடங்காததை இந்திப் பாட்டெழுதுகிறவர்கள் 'பேஷுமார்' என்பது இதிலிருந்துதான். உருதுவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 'மர்தும் ஷுமாரி'. வீட்டுக்கு வீடு போய் எண்ணுவது கானே ஷுமாரி. மராட்டியில் அது கானேசுமாரி. நம் பாட்டனார் காலத்துத் தமிழிலும் கானேஷுமாரி என்றுதான் எழுதினார்கள், குடிமதிப்பு, மக்கள்தொகை என்ற சொற்களெல்லாம் ஊன்றிக்கொள்ளும் முன்பு. ஆக, அப்பா வாயிலிருந்து வந்தது கணக்குப்பிள்ளைச் சொல். எண்ணியது, எண்ணிப் பார்த்து மதிப்பிட்டது, மதிப்பு என்பதால் துல்லியமில்லாதது என்று வழுக்கிக்கொண்டே வந்து 'ஏறக்குறைய'வில் நின்றிருக்கிறது. அதுவரை சரி. ஏறக்குறைய என்ற சொல் எப்போது 'ஏதோ பார்க்கலாம்' ஆனது?

ஆபீசில் லக்னோக்காரர் ஒருவர் இருக்கிறார், நல்ல உருது பேசுகிறவர். ஒரு படத்தின் பெயரைச் சொல்லி, "ஷுமார் ஹை" என்றேன். "எதை எண்ணணும்?" என்று கேட்டார். அவர்கள் ஊரில் நடுத்தரமான படம் 'டீக் டாக்'. ஷுமாருக்கு அங்கே எண்ணிக்கை வேலை மட்டும்தான்.

அடுத்தது மாட்டுங்கா. கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்குள் தென்னிந்தியா முழுவதும் காபி குடித்துக்கொண்டிருக்கும். 1940 முதல் இருக்கும் கஃபே மெட்ராஸ் வாசலில் ஞாயிற்றுக்கிழமை பெயரெழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பக்கத்தில் நின்ற கன்னடப் பெரியவர் மகளிடம் போனில் முந்தின நாள் பார்த்த படத்தைப் பற்றிப் பேசினார். நடுவே ஒரு சொல் காதில் விழுந்தது: "சுமாராகிதெ." குரலில் எங்கள் அப்பாவின் அதே இழுப்பு. உட்கார்ந்த பிறகு வெட்கத்தை விட்டுக் கேட்டேன். சுமார் என்றால் உங்கள் பக்கம் நல்லதா கெட்டதா என்று. அவர் கையைத் தட்டையாக வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். ரசவடை வந்ததும் பேச்சு முடிந்தது. தெலுங்கு நண்பரைக் கேட்டேன், அவர்களிடமும் 'சுமாருகா உந்தி' உண்டு.

மராட்டி, கன்னடம், தெலுங்கு, தமிழ். நாலும் அடுத்தடுத்துக் கிடக்கும் நிலங்களின் மொழிகள். நாலிலும் இரண்டாவது அர்த்தம் இருக்கிறது, லக்னோவில் இல்லை. பீஜப்பூர், கோல்கொண்டா சுல்தான்களின் கச்சேரிகளில் பாரசீகச் சொற்கள் கலந்து கணக்கெழுதிய தக்காணத்தில்தான் எங்கோ இந்தச் சொல் முகம் மாறியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். விளைச்சல் சுமார் பத்து கலம் என்று எழுதும் கணக்கன், பிறகு விளைச்சலே சுமார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

தஞ்சாவூருக்குப் போகும் வழியும் அதுவே. பீஜப்பூர் சுல்தானுக்காகத் தெற்கே வந்த மராட்டியத் தளபதி ஏகோஜி, 1676 வாக்கில் தஞ்சையைத் தனக்கே வைத்துக்கொண்டார். 1855 வரை அங்கே மராட்டிய வம்சம் இருந்தது. அரண்மனைக் கணக்கு மோடி என்ற பழைய மராட்டி எழுத்தில் நடந்தது. சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்னும் கட்டுக்கட்டாக இருக்கிறது. ஏகோஜியிடம் அமைச்சராக இருந்தவர் ரகுநாத் நாராயண் ஹனுமந்தே. பிணக்கு வந்து, ஏகோஜியின் அண்ணன் சிவாஜியிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். சிவாஜியின் ஆணையில் உருவான 'ராஜ்யவியவஹார கோசம்' அவர் பேரோடு சேர்ந்தது. அரசு அலுவலில் புகுந்துவிட்ட பாரசீகச் சொற்களுக்குப் பதில் சமஸ்கிருதச் சொற்கள் தரும் அகராதி. கிட்டத்தட்ட முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் தனித்தமிழ் இயக்கம் போல ஒரு காரியம். சொற்களை அப்படி விரட்ட முடிந்திருந்தால் காக்கு என்மேல் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.

இதைத் தோண்டும்போது இன்னொன்றும் தட்டுப்பட்டது. படத்துக்கு நாம் சொல்லும் மற்றொரு நடுவாந்தரத் தீர்ப்பு 'பரவாயில்லை'. அதிலும் பாதி பாரசீகம். பர்வா என்றால் கவலை, அக்கறை. இந்திக்காரர் 'பர்வா நஹீ' என்றால் அவருக்கு அதில் அக்கறையில்லை. நமக்கோ பரவாயில்லை என்றால் போய்ப் பார்க்கலாம். இடைத்தரம், நடுத்தரம் என்று சொந்தமாகச் சொல் இருந்தும், எந்தத் தமிழனாவது தியேட்டரை விட்டு வெளியே வந்து "படம் இடைத்தரம்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

திட்டுவதற்கு மட்டும் நாம் பாரசீகத்தில் கடன் வாங்கவில்லை. அறுவை. கழுத்தறுப்பு. எண்பதுகளில் பிளேடு. பிறகு மொக்கை, அதாவது முனை மழுங்கியது. ஒரே கத்தி தீட்டித் தீட்டி மழுங்கிப்போன வரலாறு மாதிரி இருக்கிறது. மும்பை இந்தியில் சலிப்பூட்டும் படம் 'பகாவ்'. பகானா என்றால் சமைப்பது. நம் படம் ஆளை அறுக்கிறது, அவர்கள் படம் ஆளை வேகவைக்கிறது. தாராவிப் பையன்கள் இரண்டையும் கலந்து "செம பகாவ்பா" என்பார்கள்.

வசூல் என்ற சொல் இன்னும் வேடிக்கை. அரபியிலிருந்து வந்தது, இரண்டு பக்கமும் உண்டு. மும்பைக்காரன் ஒரு படத்தை 'பைசா வசூல்' என்றால், கொடுத்த காசு தனக்குத் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். வசூலித்தவன் ரசிகன். தமிழில் 'நல்ல வசூல்' என்றால் கல்லாவை எண்ணுகிறவர் தயாரிப்பாளர். டிக்கெட் வாங்கிய நாம் அவருக்காகச் சந்தோஷப்படுகிறோம்! 2003இல் வந்த 'முன்னாபாய்', அடுத்த வருஷம் தமிழுக்கு வரும்போது 'வசூல்ராஜா'வாகப் பெயர் மாறியதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

மாட்டுங்காவின் அரோரா தியேட்டர் வாசலில் இந்தச் சொற்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கலாம். ரஜினி படம் என்றால் அங்கே விடிவதற்கு முன்பே கூட்டம், கட்அவுட்டுக்குப் பால். 2016 ஜூலையில் 'கபாலி' வந்தபோது நானும் இருட்டில் போய் நின்றேன். முடிந்து வெளியே வந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன், நோட்டுப் புத்தகத்தோடு. வேட்டி கட்டிய இளைஞன், "தெறி." அவன் நண்பன், "மாஸ்." ஓரமாக நின்று சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சுமார்" என்றார். அந்தக் கூட்டத்தில் அதைச் சொல்லத் தைரியம் வேண்டும்.

இன்னொரு வகைக் கணக்கும் நம்மிடம் உண்டு. ஆனந்த விகடன் படங்களுக்கு மார்க் போட்டது. '16 வயதினிலே'வுக்கு 62.5. அது வெகுகாலம் யாரும் தாண்டாத எல்லையாக நின்றது. அப்பா அப்போதெல்லாம் விகடன் வந்ததும் முதலில் பார்த்தது அந்த எண்ணைத்தான். நூற்றுக்கு அறுபதைத் தொட்டாலே ஊர் அதிசயிக்கும் மொழியில் சுமார் எவ்வளவு பெரிய பாராட்டு என்று காக்குவுக்கு யார் சொல்வது?

கடைசியாகத் தாராவி. தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இட்லி அண்ணாச்சி ஒருவர் எனக்குப் பல வருஷப் பழக்கம். திருநெல்வேலிக்காரர். அதிகாலையில் அலுமினிய அண்டாவில் இட்லியை அடுக்கி, ஈரத் துணி போட்டு மூடி, சைக்கிள் கேரியரில் கட்டி, ஹாரனை அமுக்கிக்கொண்டே சயான் தாண்டிப் போய்விடுவார். ஒருநாள் அவர் அண்டா கட்டும்போது போய் நின்றேன். தாராவிக் கதை என்பதால், 'காலா' எப்படி இருந்தது என்று கேட்டேன்.

கயிற்றைப் பல்லில் கடித்து இறுக்கிவிட்டுச் சொன்னார். "செட்டு நல்லா போட்டிருந்தாவ தம்பி. மெட்ராஸ்ல போட்டதாம்லா. குழாயடி அச்சு அசல் நம்ம குழாயடிதான். ஆனா எந்தச் சந்துலயும் இட்லி வேகலையே."

"அப்போ படம்?"

"சுமார்."

"சுமார்னா நல்லாருக்குன்னா, நல்லால்லன்னா, அண்ணாச்சி?"

அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். "சுமார்னா சுமார்தான்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளினார். அவர் கதவு நிலையில் பெயிண்டால் ஓர் எண் எழுதியிருந்தது. 2024 மார்ச்சில் மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தாராவியில் தொடங்கியதிலிருந்து வீடு வீடாக எண் போட்டுக்கொண்டு வந்தார்கள். கானேஷுமாரி. பக்கத்து வீட்டு ஆச்சி அந்த எண்ணுக்கு மேல் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தாள்.

காக்குவோடு சமாதானம் ஆக மூன்று வாரம் ஆனது. இப்போதும் படம் பார்த்துவிட்டு வந்தால் கதவைத் திறந்து கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் விரலை உயர்த்துவார். "முதல்ல சொல்லு, உங்க சுமாரா, எங்க சுமாரா?"

போன வாரம் "உங்க சுமார், காக்கு" என்றேன். மத்தியானக் காட்சிக்கு எடுத்து வைத்திருந்த இரண்டு டிக்கெட்டை மகனிடம் கொடுத்து, யாருக்காவது தள்ளிவிடச் சொல்லிவிட்டார்.