எது அசல்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

சென்ற கோடை விடுமுறையில் மேற்குத் தாம்பரத்தில் உள்ள எங்கள் அப்பாவின் பட்டறைக்கு லாரியில் ஒரு விருந்தாளி வந்து இறங்கியது. அது ஒரு பழைய பந்தயக் கார். ஒருவர் மட்டுமே அமரக்கூடியது. பியட் 1100 எஞ்சினை வைத்து உள்ளூரிலேயே கட்டப்பட்டது. ஒரு காலத்தில் சோழவரத்தில் ஓடியதாம்.

சோழவரம் என்றதும் நமக்கெல்லாம் ஏரிதான் நினைவுக்கு வரும். அங்கே இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்ததும், 1953 இல் தொடங்கப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளம் வந்தது 1990 இல்தான். வெளிநாட்டுக் கார்களை எளிதில் வரவழைக்க முடியாத அந்நாளில், இங்கே கிடைத்த கார்களின் உறுப்புகளைக் கொண்டே ஆர்வலர்கள் பந்தயக் கார்களைக் கட்டிக்கொண்டார்கள்.

காரின் உரிமையாளர் இரண்டு புகைப்படங்களைக் கொண்டுவந்திருந்தார். ஒன்றில் கார் சுருட்டைப் போல உருண்டு நீண்டிருந்தது. மற்றொன்றில் மூக்கு ஆப்பைப் போலத் தட்டையாக இருந்தது. ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் ஓர் இரும்பு வளைவு. பின்புறம் ஓர் இறக்கை. இரண்டும் ஒரே கார் என்றால் யார் நம்புவார்?

"எதை அசல்னு வச்சுக்கிறது, மேஸ்திரி?" என்று அவரே கேட்டார்.

நூலகத்தில் தேடிப் படித்தேன். பந்தயக் காரின் உடலை வேகமும் விபத்தும் விதியும் சேர்ந்தே வடிக்கின்றன. கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவு பார்முலா 1 பந்தயங்களில் 1961 முதல் கட்டாயமாயிற்று. அந்தப் பத்தாண்டின் இறுதியில், காரைத் தரையோடு அழுத்துவதற்கான இறக்கைகள் உயரமான கம்பிகளின் மேல் ஏறின. 1969 இல் பார்சிலோனாவில் இரண்டு லோட்டஸ் கார்களின் இறக்கைகள் முறிந்து, இரண்டும் விபத்துக்குள்ளாயின. அடுத்து மொனாக்கோவில் நடந்த பந்தயத்திலேயே உயர இறக்கைகளுக்குத் தடை வந்தது. பிறகு இறக்கை தாழ்ந்து உடலோடு ஒட்டிக்கொண்டது. 1983 இல் காரின் அடிப்புறம் தட்டையாக இருக்க வேண்டும் என்ற விதி வர, உருவம் மீண்டும் மாறியது.

அப்பா புத்தகம் எதையும் தேடவில்லை, பெயிண்டைச் சுரண்டினார். சிவப்புக்குக் கீழே பச்சை. பச்சைக்குக் கீழே வெறும் அலுமினியம். வளைவுக்காக வெட்டிய இடமும், மூக்கை மாற்றி ஒட்டிய ரிவெட் வரிசையும் வெளியே வந்தன.

"ஒவ்வொரு ஒட்டும் எவனோ ராத்திரி முழிச்சு செஞ்சது சார். எல்லாத்தையும் எடுத்துட்டா வண்டி புதுசாத்தான் இருக்கும்" என்றார். கடைசியாக ஓடிய உருவத்திலேயே காரை நிறுத்துவது என்று முடிவாயிற்று.

மூக்கில் வெடிப்பு இருந்தது. அப்பா தகட்டின் மேல் சலவைச் சோப்பைத் தேய்த்து, அடியிலிருந்து தீ காட்டினார். சோப்புக் கறுத்ததும் தீயை விலக்கினார்.

"அடிக்க அடிக்க இறுகும்டா. இறுகினதை மேல மேல அடிச்சா வெடிச்சிடும். சூடு காட்டி ஆறவிட்டா மறுபடி இளகும்."

நான் திகைத்து நின்றேன். அடிபட்ட உலோகம் கடினமாவதையும், வெப்பத்தால் மீண்டும் மென்மையாவதையும் தேர்வில் படம் வரைந்து எழுதியவன் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட அப்பாவுக்கோ ஒரு துண்டுச் சோப்பே வெப்பமானி!

நண்பர்களே, ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சேர்க்கை விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'வியாபாரம்' என்று எழுதினேன். ஒருமுறை அவர் கறுத்த நகங்களோடு கல்லூரி வாசலுக்கு வந்தபோது, யாரும் பார்க்குமுன் அவசரமாக அனுப்பிவைத்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வெட்டியதையும் ஒட்டியதையும் மறைக்காமல் நிற்கும் அந்தக் காரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாளே நினைவுக்கு வந்தது.

இந்த ஆண்டு உதவித்தொகைப் படிவத்தில் 'கார் டிங்கர்' என்று எழுதி அப்பாவிடம் நீட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. கையைத் துணியில் இருமுறை துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார்.