கை மட்டும் தெரிகிறது

தியானப் பகுதி: யாத்திராகமம் 31:1–6, 32:1–4



இந்த வாரம் வழக்கத்திலிருந்து சற்று விலகி, படக்கதைகளைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். "போதகர் ஐயாவுக்குப் பொழுது போகவில்லையோ" என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால் உங்களில் ஐம்பதைக் கடந்தவர்கள் தங்கள் பள்ளிப் பருவத்தை நினைத்துப் பாருங்கள். இரும்புக்கை மாயாவியை அறியாதவர் உங்களில் எத்தனை பேர்?

1972-ஆம் ஆண்டு சிவகாசியில் தொடங்கப்பட்ட முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு அந்த மாயாவியின் கதைதான். அட்டை கிழிந்து, பக்கம் மடங்கி, பத்துப் பேர் கைமாறிய பின்னும் அப்புத்தகத்தை வாசிக்க ஒருவர் காத்திருப்பார். பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வாசித்தவர்களும் உங்களில் உண்டு என்பதை நான் அறிவேன்.

கதை உங்களுக்கு நினைவிருக்கும். லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தொன்றில் வலது கையை இழந்து, இரும்புக் கை பொருத்திக்கொள்கிறான். பின்னர் மின்சாரம் அவன் மேல் பாய்கிறது. உடல் முழுவதும் பிறர் கண்ணுக்கு மறைந்துவிட, இரும்புக் கை மட்டும் காற்றில் மிதப்பதுபோல் தெரிகிறது. தொடக்கத்தில் அந்த ஆற்றலைத் தீமைக்கே பயன்படுத்துகிறான். பிறகு மனம் மாறி நன்மையின் பக்கம் வருகிறான்.

இந்த மாயாவி சிவகாசியில் பிறந்தவன் அல்லன். 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' என்னும் சிறுவர் வார இதழில் பிறந்தவன். கதையை எழுதியவர்கள் ஆங்கிலேயர். படங்களின் பெரும்பகுதியை வரைந்தவரோ பார்சிலோனாவைச் சேர்ந்த ஸ்பானியர். அவருடைய பெயர் உங்களை வியப்பில் ஆழ்த்தும்: ஹெசூஸ் பிளாஸ்கோ. 'ஹெசூஸ்' என்பது 'இயேசு' என்பதன் ஸ்பானிய வடிவம். ஸ்பெயின் நாட்டில் அது சாதாரணமாக இடப்படும் பெயர். 1919-இல் பிறந்து 1995-இல் மறைந்த அவர், பதின்பருவத்திலேயே பத்திரிகைகளுக்கு வரையத் தொடங்கியவர். அவருடைய சகோதரர்களும் சகோதரியும்கூட ஓவியர்களே.

அக்காலத்து ஆங்கிலேயப் படக்கதை இதழ்கள் வரைந்தவரின் பெயரை அச்சிடுவதில்லை. லண்டன் சிறுவர்களும் அவரை அறியவில்லை, நாமும் அறியவில்லை. மாயாவிக்கு நேர்ந்ததே அவனை வரைந்தவருக்கும் நேர்ந்தது: ஆள் மறைந்தார், கை மட்டும் தெரிந்தது.

இதை இப்போது நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் சபையைச் சேர்ந்த தாயார் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகன் வீட்டிலிருந்தே கணினித்திரையில் படக்கதைப் பக்கங்களை வரைந்து வெளிநாட்டுப் பதிப்பாளர்களுக்கு அனுப்புகிறார். அமெரிக்காவில் விடியும்போது நமக்கு மாலை. ஆகவே அவருடைய வேலை நேரம் இரவுதான். "ஐயா, இவன் பேயையும் பூதத்தையும் வரைகிறான். ஜெபிக்கிற குடும்பத்துப் பிள்ளை செய்யக்கூடிய வேலையா இது? பெண் பார்க்கப் போனால், பையனுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். படம் வரைகிறான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை" என்றார் அந்தத் தாய். அவருடைய கலக்கம் மெய்யானது. அதை அற்பமாகத் தள்ளிவிட நம்மில் ஒருவருக்கும் உரிமை இல்லை.

அந்த வாலிபரோடு அமர்ந்து பேசினேன். தாம் பின்பற்ற விரும்பும் ஓவியர் என்று அவர் எனக்குக் காட்டியது ஆனந்த் ராதாகிருஷ்ணன் என்பவருடைய நூல்களை. ஆனந்த் ஆர்.கே. என்ற பெயரில் வரையும் அவர் மும்பையைச் சேர்ந்தவர். எந்த ஒரு நிறுவனத்திலும் மாதச் சம்பளம் பெறாமல், ஒவ்வொரு நூலாக ஏற்று வரைபவர். 2021-இல் அவரும் வண்ணக் கலைஞர் ஜான் பியர்சனும் 'ப்ளூ இன் கிரீன்' என்னும் நூலுக்காக ஐஸ்னர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். திரைப்படத்துக்கு ஆஸ்கர் எப்படியோ, அமெரிக்கப் படக்கதை உலகில் ஐஸ்னர் அப்படி.

அந்த நூலின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாக்ஸபோன் வாசிப்பவன் ஒருவன் தாயின் அடக்க ஆராதனைக்காக ஊர் திரும்புகிறான். அங்கே பழைய புகைப்படம் ஒன்று அவன் கண்ணில் படுகிறது. அதிலிருக்கும் இசைக்கலைஞரைத் தேடத் தொடங்குகிறான். தேடல் பித்தாக மாறுகிறது. மேதை ஆவதற்கு ஒரு மனிதன் எதையெல்லாம் விலையாகக் கொடுப்பான் என்பதே கதையின் கேள்வி. நூலின் தலைப்பு, ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959-ஆம் ஆண்டு இசைத்தட்டில் உள்ள ஒரு பாடலின் பெயர். இசையின் தாக்கம் தலைப்போடு நிற்கவில்லை. தீட்டிய வண்ணமும் கீறிய கோடும் கலந்து, பக்கமே இசைபோல் குழைந்து ஓடுகிறது. ராம் வி. எழுத, இவர் முன்பு வரைந்த 'கிராஃபிட்டீஸ் வால்' மும்பையின் தெருச் சுவர்களில் ஓவியம் தீட்டும் ஓர் இளைஞனையும் அவன் நண்பர்களையும் பற்றியது. ஜாஸ் நூலை எழுதியவரும் அதே ராம் வி.தான்.

உலகமுழுவதையும் ஆதாயப்படுத்தி ஜீவனை நஷ்டப்படுத்துவதால் என்ன பயன் என்று நம் ஆண்டவர் கேட்ட கேள்வியை நீங்கள் அறிவீர்கள். அந்த நூல் வேத வசனத்தைச் சொல்லவில்லை. ஆனால் அதே கேள்வியின் வாசலில் வாசகனைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. இருளை வரைவது இருளைப் போற்றுவது ஆகாது. வெளிப்படுத்தின விசேஷத்தின் 12-ஆம் அதிகாரத்தில் வலுசர்ப்பம் இல்லையா? ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரக்ட் டியூரர் 1498-இல் அந்தப் புத்தகத்தின் காட்சிகளைப் பதினைந்து மரச்செதுக்குப் படங்களாகச் செய்து தாமே வெளியிட்டார். அவற்றில் அந்த வலுசர்ப்பமும் உண்டு.

ஆனந்தின் அண்மைய படைப்பு இன்னும் நேராக நம்மை வந்து தொடுகிறது. 2025-இல் ராம் வி. எழுத, டி.சி. நிறுவனத்துக்காக அவர் வரைந்தது 'ரெசரக்ஷன் மேன்' என்னும் நாயகனின் கதை. உயிர்த்தெழும் மனிதன் என்று பொருள். 1997-இல் வேறு கலைஞர்கள் படைத்த பாத்திரம் இது. மிட்ச் ஷெல்லி என்ற இந்த மனிதன் சாகும்போதெல்லாம் மீண்டும் எழுகிறான். ஒவ்வொரு முறையும் புதியதொரு ஆற்றலோடு எழுகிறான்.

இதைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு முகம் சுளிக்கும். எனக்கோ ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பிக்க நல்லதொரு வழி கிடைத்தது என்றே தோன்றியது. அந்த நாயகன் எழுகிறான், மறுபடியும் சாகிறான். நம் ஆண்டவர் எழுந்தார், இனி மரிப்பதில்லை. அவன் எழும்போது அவன் கொண்டுவருவது புதிய வல்லமை. ஆண்டவர் எழுந்து வந்தபோது சீஷருக்குக் காட்டியதோ ஆணி பாய்ந்த கைகள். மாயாவியின் கை இழப்பை இரும்பால் மூடிய கை. தோமாவுக்கு நீட்டப்பட்ட கையோ காயத்தை மூடாத கை. படக்கதை தெரிந்த பிள்ளைக்கு இந்த வேறுபாடு சட்டென்று விளங்கும்.

இனி, அந்தத் தாயாரிடம் நான் கேட்ட ஒன்றை உங்களிடமும் கேட்கிறேன். உங்கள் வீட்டு முன்னறையில் தொங்கும் இயேசுவின் படம் எது? செம்பழுப்பு நிறக் கூந்தல் தோளில் விழ, ஒளி படர்ந்த முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி மேல்நோக்கும் அந்தப் படம் பல வீடுகளில் உண்டு. அதை வரைந்தவர் சிகாகோவைச் சேர்ந்த வார்னர் சால்மன். அவர் விளம்பரங்களுக்கு வரைந்து பிழைத்தவர். 1924-இல் ஒரு சபைப் பத்திரிகையின் அட்டைக்காகக் கரிக்கோலால் வரைந்தார்; 1940-இல் அதையே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களின் சட்டைப்பையில் அந்தப் படம் சிற்றட்டையாகப் போனது. பிறகு உலகமெங்கும் கோடிக்கணக்கில் அச்சாயிற்று. அவருக்கும் முன்மாதிரி உண்டு: லெர்மித் என்ற பிரெஞ்சு ஓவியர் 1892-இல் தீட்டிய இயேசுவின் முகம்.

ஆக, நாம் எந்தப் படத்தின் கீழ் முழங்காலிடுகிறோமோ, அந்தப் படமே ஒரு விளம்பர ஓவியரின் கூலி வேலையிலிருந்தும், மற்றொருவருடைய படத்தின் தாக்கத்திலிருந்தும் வந்தது. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடவில்லை. எவரும் வெறுமையிலிருந்து வரைவதில்லை. கண்ட படம், கேட்ட பாட்டு, பார்த்த திரைப்படம் யாவும் கைக்குள் இறங்கித்தான் கோடாகின்றன. வெறுமையிலிருந்து உண்டாக்கியவர் ஒருவரே.

யாத்திராகமம் 31-ஐ வாசியுங்கள். கர்த்தர் பெசலெயேலைப் பேர் சொல்லி அழைத்து, தேவ ஆவியினால் நிரப்புகிறார். எதற்காக? பிரசங்கிப்பதற்காக அன்று, பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் மரத்திலும் விசித்திரமான வேலை செய்வதற்காக. அவரோடு அகோலியாபையும் சேர்க்கிறார். அவர்கள் கையாண்ட பொன் எங்கிருந்து வந்தது? எகிப்தியரிடம் கேட்டு வாங்கி வந்த பொன் அது. அந்நியருடைய பொன்னில்தான் ஆசரிப்புக் கூடாரத்தின் குத்துவிளக்கு செய்யப்பட்டது.

அப்படியே அடுத்த அதிகாரத்தைத் திருப்புங்கள். அதே எகிப்தின் பொன், அதே பாளயம். ஆரோன் சிற்பக் கருவியால் கன்றுக்குட்டியைச் செய்கிறான். விளக்கும் கன்றுக்குட்டியும் அடுத்தடுத்த அதிகாரங்களில் இருப்பது தற்செயல் என்று நான் எண்ணவில்லை. பொன்னைப் பார்த்துத் தீர்ப்பளிக்க முடியாது. கருவியைப் பார்த்தும் முடியாது. செய்யப்பட்ட பொருள் மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதைப் பார்க்கவேண்டும். ஆகவே அந்தத் தாயாருக்கு நான் சொன்ன பதில் இது: "அம்மா, அவர் பூதத்தை வரைகிறாரா என்று கேட்காதீர்கள். அந்தக் கதையில் பூதம் யாரை விழுங்குகிறது, யார் அதை எதிர்த்து நிற்கிறார்கள், வாசித்து முடித்தவன் மனிதனை நேசிப்பானா வெறுப்பானா என்று கேளுங்கள். உங்கள் மகனே அதற்குப் பதில் சொல்லட்டும்."

வாலிபருக்கும் சொல்ல ஒன்று இருந்தது. 1938-இல் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரு இளைஞர்கள் தாங்கள் படைத்த சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு விற்றுக் கையெழுத்திட்டார்கள். அந்தப் பாத்திரம் பெரும் செல்வத்தை ஈட்டியது. படைத்தவர்கள் வறுமையைக் கண்டார்கள். ஆகவே ஒப்பந்தத்தை வரி வரியாக வாசித்துப் புரிந்துகொண்ட பின்னரே கையெழுத்திடும்படி அவரிடம் கூறினேன். வேலைக்காரருடைய கூலி நிறுத்திவைக்கப்படும்போது அது கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதினாரே, அந்தக் கூக்குரல் வயல்களில் மட்டும் எழுவதன்று.

பிரியமானவர்களே, இந்த வாழ்க்கை உங்களுக்குப் புதிதும் அன்று. அதிகாலையில் ஜீப்பில் நெருக்கி அமர்ந்து, கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய் வருகிறவர்கள் நம் மக்கள். திராட்சைத் தோட்டத்தில் கவாத்துக்கும் அறுவடைக்கும் ஆள் தேடும் நாளும் தெரியும், ஆள் தேடாத நாளும் தெரியும். நாளை வேலை உண்டா என்ற கேள்வியோடு உறங்கப் போவது எப்படிப்பட்டது என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மத்தேயு 20-இல் கடைத்தெருவில் ஒருவரும் கூலிக்கு அழைக்காமல் நின்றவர்களின் கதை வேறெவரையும்விட நம் பள்ளத்தாக்குக்கு நன்றாக விளங்கும். ஒரு நூல் முடிந்து அடுத்த நூல் வரும்வரை காத்திருக்கும் ஓவியரும் அந்தக் கடைத்தெருவில் நிற்பவரே. அவரைச் சோம்பேறி என்று சொல்லாதிருங்கள். அவர் அறையில் நள்ளிரவில் எரியும் விளக்கும் உழைப்பின் விளக்குத்தான்.

இந்த வாரம் நீங்கள் செய்யவேண்டிய சிறு காரியம் ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ உறவிலோ வரைகிற பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் ஏட்டை வாங்கி, அவசரப்படாமல் பக்கம் பக்கமாகப் பாருங்கள். "இது எதைப் பார்த்து வந்தது?" என்று அன்போடு கேளுங்கள், பதிலை முழுவதும் கேளுங்கள். பிறகு படத்தின் கீழே தன் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

கைவேலை செய்கிற ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அழைக்கிற கர்த்தர், உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.