எடையும் வாட்டமும்: கோவை வட்டார மாடித்தோட்டங்களின் கைத்தொழில்

மாடித்தோட்டம் என்பது வீட்டின் மேல்தளத்தில் பைகளிலும் தொட்டிகளிலும் காய்கறி, கீரை, பூச்செடி ஆகியவற்றை வீட்டாரே வளர்க்கும் முறையாகப் பொதுவாக விளக்கப்படுகிறது. இவ்விளக்கம் செடியை மட்டுமே கணக்கில் கொள்கிறது. செடியைத் தாங்கும் தளத்தையும், செடியின் வேர் பற்றிக்கொள்ளும் ஊடகத்தையும், அவ்விரண்டையும் உருவாக்கிய கைகளையும் அது விட்டுவிடுகிறது. கோவை மாநகரின் மாடித்தோட்டங்களையும், அவற்றுக்குத் தென்னை நார்க்கழிவு அனுப்பும் பொள்ளாச்சி வட்டாரத்துக் களங்களையும் அடுத்தடுத்துச் சென்று பார்ப்பவருக்கு, இது பாதி வேளாண்மையாகவும் பாதி கட்டட வேலையாகவும் அமைந்த ஒரு கைத்தொழில் என்பது தெளிவாகும்.

தமிழ்நாட்டு நகரங்களில் மாடித்தோட்ட ஆர்வம் பரவியதில் அரசுக்கும் பங்கு உண்டு. 2013-இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய திட்டத்தின் வழியாக, செடிப்பை, நார்க்கழிவுக் கட்டி, விதை, உயிர் உரம் முதலியன அடங்கிய தொகுப்பு ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்ற பெயரில் மானிய விலையில் வழங்கப்பட்டது. அப்பெயர் பொருத்தமானதே, ஆயினும், ‘நீங்களே’ என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு நிற்கிறது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவதாகக் கருத வேண்டியது எடை. மக்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு, தளத்தின் சொந்த எடை நீங்கலாக, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ கூடுதல் சுமை என்ற அளவை இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கிறது. ஓரடி விட்டமும் ஓரடி உயரமும் கொண்ட செடிப்பை ஏறக்குறைய 20 லிட்டர் கொள்ளும். அதில் வெறும் மண்ணை நிரப்பி நீர் ஊற்றினால் ஒரு பை 35 கிலோவைத் தாண்டும் என்பதால், ஒரு சதுர மீட்டரில் இத்தகைய நான்கு பைகளை வைத்த உடனேயே சுமை வரம்பைத் தொட்டுவிடுகிறது. மண்ணோடு நார்க்கழிவும் மட்கிய உரமும் சேர்ந்த கலவையில் மண்ணின் பங்கு குறையக் குறைய எடையும் இறங்குகிறது. மாடித்தோட்டத்துக்கு நார்க்கழிவு பரிந்துரைக்கப்படுவதற்கு அது நீரைப் பிடித்து வைப்பது ஒரு காரணம். அதன் இலேசான தன்மை அதனினும் பெரிய காரணம். கட்டடம் இவ்வளவையும் மீறித் தாங்கக்கூடும். ஆனால் அந்த மிகுதிப் பலம் நிலநடுக்கத்துக்கும் முதுமைக்கும் கட்டுமானக் குறைக்கும் ஒதுக்கி வைக்கப்பட்ட சேமிப்பு. அதைத் தக்காளிச் செடிக்காகச் செலவிடுவது முறையன்று.

எடைக்கு அடுத்தது நீர். கொத்தனார்களின் பேச்சில் ‘வாட்டம்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. மாடியில் விழும் மழைநீர் எங்கும் தேங்காமல் வடிகுழாயை நோக்கி ஓடும்படி தளத்துக்குக் கொடுக்கப்படும் மெல்லிய சரிவே வாட்டம். தமிழ்நாட்டு வழக்கில், கான்கிரீட் தளத்தின்மீது செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் கலந்த கலவை ஏறத்தாழ மூன்று அங்குலக் கனத்துக்கு விரிக்கப்பட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளிக்கப்பட்டு, மரப்பலகையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கப்படும். வாட்டம் இந்தப் படிவத்தில்தான் பிறக்கிறது. அதன்மேல் ஒன்பது அங்குலச் சதுரத் தட்டோடு பதித்து இணைப்புகளைப் பூசுவர். வரிசையாக அமர்ந்து ஒரே தாளத்தில் தட்டும் வேலையைப் பெரும்பாலும் பெண் சித்தாள்களே செய்துவந்தனர். இம்முறை இன்று அருகி, வேதிப்பூச்சுகள் அவ்விடத்தைப் பிடித்து வருகின்றன. எனினும், முறையாகத் தட்டிய சுண்ணாம்புத் தளம் வெயிலையும் மழையையும் தாங்கி, வீட்டுக்குள் வெப்பம் இறங்குவதையும் தணித்தது என்பதை மறுக்க இயலாது.

இந்த வாட்டத்தைச் செடிப்பைகள் பலவாறு கெடுக்கின்றன. தரையோடு வைத்த பை நீரின் வழியை மறிக்கிறது. பையிலிருந்து கசியும் மண் வடிகுழாயின் வாயில் படிகிறது. பைக்கு அடியில் ஈரம் காயாமல் கிடக்க, தட்டோட்டின் இணைப்புக் காரை இளகி, விரிசலுக்குள் வேர் இறங்குகிறது. நீர் கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பியை அடைந்தால் துரு உண்டாகிறது. துரு தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து, கீழ் அறையின் கூரைக் காரையைப் பெயர்த்து விழச் செய்கிறது. ஆகவேதான், தேர்ந்த தோட்டக்காரர்களின் மாடிகளில் பைகள் இரும்புத் தாங்கிகளின்மீதோ செங்கல் வரிசைகளின்மீதோ, கீழே துடைப்பம் நுழையும் உயரத்தில் நிற்கின்றன. பெரிய தொட்டிகள் நடுத்தளத்தை விட்டு, சுவரும் உத்தரமும் ஓடும் கோட்டுக்கு நேர் மேலே வைக்கப்படுகின்றன. மரச்சட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்திட்டு அடுக்கிக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வகைப் பழைய வீடுகளில் தோட்டம் வைக்காமல் இருப்பதே நல்லது. ஈரம் மரத்துக்குப் பகை.

மாடியிலிருந்து இறங்கி, நார்க்கழிவு வரும் பொள்ளாச்சிப் பகுதிக்குச் சென்றால் காட்சி வேறாகிறது. தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரிக்கும்போது, மட்டையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே நாராகக் கிடைக்க, எஞ்சியது நார்க்கழிவு எனப்படும் பழுப்புத் தூளாக உதிர்கிறது. ஒரு காலத்தில் சாலையோரங்களில் மலையாகக் குவிந்து கிடந்த அத்தூள், இன்று கோகோபீட் என்ற பெயரில் உலகெங்கும் உள்ள பசுமைக்குடில்களுக்குக் கப்பலேறுகிறது. சிமெண்டுக் களத்தில் தூளைப் பரப்பி, வெயில் ஏற ஏறப் புரட்டிவிட்டு, சலித்து, அழுத்துபொறியில் ஐந்து கிலோக் கட்டியாக்குவது வரை இவ்வேலை தூசிக்குள்தான் நடக்கிறது. தலையிலும் முகத்திலும் துணி சுற்றிய பெண்களே களத்தில் மிகுதியாக நிற்கின்றனர். அத்துணி நுண்தூசியை முழுதாகத் தடுக்காது. ஐந்து கிலோக் கட்டி நீரில் ஊறி 60 லிட்டருக்கு மேல் பொங்குவதைக் கண்டு மகிழும் நகரத்து ஆர்வலர், அதே தூள் காய்ந்த நிலையில் எங்கே எவருடைய மூச்சில் கலந்தது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

தூளில் தென்னை உறிஞ்சிய சோடியம், பொட்டாசியம் உப்புகள் தங்கியிருக்கும். உப்பு மிகுந்தால் ஊறிய நீரின் மின்கடத்துதிறன் உயரும் என்பதால், அந்த அளவை வைத்தே தூளின் தரம் சொல்லப்படுகிறது. நல்ல நீரில் மீண்டும் மீண்டும் அலசியே உப்பை இறக்குகின்றனர். அலசிய கழிவுநீர் பழுப்பு நிறத்தோடு மண்ணில் இறங்கிக் கிணறுகளைக் கெடுப்பதாக அவ்வட்டார உழவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். 2021-இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இத்தொழிற்கூடங்களை வெள்ளை வகையிலிருந்து ஆரஞ்சு வகைக்கு மாற்றியது. அதாவது, மாசு இல்லாத தொழில் என்ற நிலையிலிருந்து கட்டுப்பாடு வேண்டிய தொழில் என்ற நிலைக்குக் கொண்டுவந்தது. உரிமையாளர்கள் இதை எதிர்த்தனர். அலசாத தூள் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி நேரே பையில் நிரப்புவோரின் நாற்றுகள் இலை நுனி கருகி நின்றுவிடுவதும் இவ்வுப்பினால்தான். தவிர, பச்சைத் தூளில் தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் நூறு பங்குக்கும் மேல் இருப்பதால், நுண்ணுயிர்கள் அதை மட்கச் செய்ய முனைந்து செடிக்குரிய தழைச்சத்தையும் எடுத்துக்கொள்கின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையில், சிப்பிக்காளான் வித்தும் சிறிது யூரியாவும் இட்டு அடுக்கடுக்காக மட்க வைத்தால் அவ்விகிதம் முன்பிருந்ததில் நான்கில் ஒன்றுக்கு அருகில் இறங்குகிறது.

ஆர்வலர்கள் ஒருவருக்கொருவர் வழங்கும் அறிவுரையில் பூச்சி பற்றிய பகுதியே மிகச் செழுமையானது. விதைப் பரிமாற்றக் கூட்டங்களில் புதிதாய் வந்தவர் ‘அக்கா, கத்தரியில் மாவுப்பூச்சி’ என்று தொடங்கினால் போதும். லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், அது நீரில் கலக்கச் சிறிது சோப்புக் கரைசல், தெளிப்பதற்கு மாலை நேரம் என்று விடை உடனே வந்துவிடும். கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யம் நூறு பங்கு நீருக்கு மூன்று பங்கு என்ற அளவில் தெளிக்கப்படுவதும், மீன் கழிவும் வெல்லமும் சம எடையில் ஊறிய மீன் அமிலமும் இங்கே எல்லோருக்கும் தெரிந்தவை. இவ்வறிவு நம்பத்தக்கதாக இருப்பதற்குக் காரணம், தவறு ஒரு வாரத்தில் இலையில் தெரிந்துவிடுவதும், தெரிந்தவர் அடுத்த கூட்டத்தில் அதைச் சொல்லித் திருத்துவதுமே ஆகும். தளத்தைப் பற்றிய அறிவுரைக்கு அவ்வாய்ப்பு இல்லை. கசிவு வெளிப்பட ஐந்தாண்டு ஆகலாம், பத்தாண்டு ஆகலாம். அதற்குள் அறிவுரை சொன்னவரும் கேட்டவரும் அதை மறந்திருப்பர். மெதுவாக வரும் சேதத்தை அறிந்தவர், பல வீடுகளின் மேல்தளத்தை உடைத்துப் பார்த்த கொத்தனார் ஒருவரே. அவரோ இக்கூட்டங்களுக்கு அழைக்கப்படுவதில்லை. மாடித்தோட்ட இயக்கத்தின் மிகப் பெரிய குறை இதுவே.

ஆதலால் வாசகரிடம் வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. செடிப்பை வாங்கப் புறப்படும் முன், வடிகுழாயை அடைத்து மாடியில் இரண்டு அங்குலம் நீர் தேக்கி, இரண்டு நாள் கழித்துக் கீழ் அறையின் கூரையைப் பாருங்கள். அனுபவமுள்ள கொத்தனார் ஒருவரை அழைத்து வாட்டத்தைப் பார்க்கச் சொல்லி, அன்றைய முழுக் கூலியையும் கொடுங்கள்.