அந்த அம்புக்கு என்ன அர்த்தம்?

பயோடெக் பசங்க எல்லாரும் கிளைக்காலிசிஸ் படம் வரைஞ்சிருப்பீங்க. குளுக்கோஸ்ல ஆரம்பிச்சு பைருவேட் வரைக்கும் பத்து படி. நானும் நாலஞ்சு எக்ஸாம்ல வரைஞ்சு மார்க் வாங்கியிருக்கேன். ஆனா அந்த அம்புக்குறிக்கு என்ன அர்த்தம்னு யாரும் கேட்டதில்லை, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வரைக்கும்.

ப்ராஜெக்ட் இதுதான்: கிளைக்காலிசிஸை ஜீன் ஆன்டாலஜியோட கோ-கேம் முறையில எழுதணும். நம்ம புத்தகத்துல ஒவ்வொரு படியிலயும் இருக்கிறது மாலிக்யூல். கோ-கேம்ல இருக்கிறது ஒரு வேலை: எந்த புரோட்டீன், என்ன செய்யுது, செல்லுல எங்க செய்யுது. ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு அம்பு. ஒவ்வொரு அம்புக்கும் ஒரு பெயர் உண்டு. நான் எல்லாத்துக்கும் 'டைரக்ட்லி பாசிட்டிவ்லி ரெகுலேட்ஸ்'னு போட்டுட்டேன். பார்க்க கெத்தா இருந்துச்சு.

முதல் ரிவ்யூல கைடு முதல் அம்பு மேல விரல் வெச்சார். "ஹெக்சோகைனேஸ் அடுத்த என்சைமை என்னப்பா பண்ணுது?"

"ஆக்டிவேட் பண்ணுது சார்."

"எப்படி?"

பதில் இல்லை. ஏன்னா அது எதுவுமே பண்றதில்லை. ஹெக்சோகைனேஸ் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டை உண்டாக்குது. அடுத்து வர்ற ஐசோமரேஸ் அதை எடுத்து ஃப்ரக்டோஸ்-6-பாஸ்பேட்டா மாத்துது. அவ்வளவுதான். மெஸ்ல கிரைண்டர் மாவு அரைச்சுத் தருது; அதுக்காக கிரைண்டர் இட்லிப் பானையை கன்ட்ரோல் பண்ணுதுன்னு சொல்வீங்களா? இந்த மாதிரி இடத்துக்கு 'ப்ரொவைட்ஸ் இன்புட் ஃபார்' தான் சரி.

உடனே உஷாராகி, அடுத்து எழுதின மேப்-கைனேஸ் பாதையில எல்லாத்துக்கும் அதையே போட்டேன். அதுவும் தப்பு! ராஃப், மெக் மேல பாஸ்பேட்டை ஒட்டுது. மெக் அங்க மாவு இல்லை, அதுவே ஒரு என்சைம். பாஸ்பேட் ஒட்டினதும் அதோட வேலை முடுக்கிவிடப்படுது. இங்கதான் 'ரெகுலேட்ஸ்' வரணும்.

சும்மா ஒரு பெயர்தானேன்னு நினைக்காதீங்க. இதை மனுஷங்க மட்டுமில்லாம கம்ப்யூட்டரும் படிக்கும். "ஐசோமரேஸை எது கன்ட்ரோல் பண்ணுது?"ன்னு யாராவது தேடினா, என் மாடல் கூசாம ஹெக்சோகைனேஸ்னு பொய் சொல்லும். அதைவிட மோசம், கிளைக்காலிசிஸ்ல நிஜமாவே பிரேக் இருக்கிற முக்கியமான இடம் பாஸ்போஃப்ரக்டோகைனேஸ். ஏடிபி நிறைய இருந்தா அது மெதுவாகும், ஏஎம்பி ஏறினா வேகமாகும். என் படத்துல எல்லா அம்பும் 'ரெகுலேட்ஸ்'. அந்த பிரேக் எங்கன்னே தெரியலை.

ரெண்டாவது ரிவ்யூல சார் மறுபடியும் அதே முதல் அம்பு மேல விரல் வெச்சார்.

"மாவு சார்"னேன்.

ஒரு நொடி முழிச்சிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.