ஊர் போய்ச் சேரும் காலண்டர்

“காலண்டரை அச்சடிக்கிறது பெரிய காரியம் இல்லைங்க, அதை ஊர் போய்ச் சேர்க்கிறதுதான் தொழில்” என்று சிவகாசியில் ஒரு சிறு ஆஃப்செட் அச்சகம் நடத்திவரும் நண்பர் என்னிடம் சொன்னார். வியாபாரிகளுக்கு இயல்பாக உள்ள அலுப்பு பாதியும் உண்மை பாதியுமாக அந்த வார்த்தை இருக்கக்கூடும் என்று எண்ணிக்கொண்டே, டிசம்பர் மாதத்தில் அவருடைய அச்சகத்திலும் அதற்குச் சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு பார்சல் ஆபீஸிலுமாக, அங்கே வேலை செய்வோருக்கு எவ்விதத்திலும் பிரயோஜனமில்லாத ஒரு மனிதனாக, ஸ்டூல் ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். எழுந்து வரும்போது உண்மையின் பங்கு பாதிக்குச் சற்று மேல் என்றே எனக்குப் பட்டது.

சிவகாசி வானம் பார்த்த பூமி. விவசாயத்தை நம்பி ஜீவனம் நடத்த முடியாத அந்த ஊரிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் வருஷம் கல்கத்தாவுக்குப் பிரயாணம் செய்து, தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுத் திரும்பினார்கள் என்பது ஊரறிந்த சரித்திரம். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சு யந்திரம் வேண்டியிருந்தது. யந்திரம் வந்த பிறகு அதற்கு வருஷம் முழுவதும் வேலை கொடுக்க வேண்டியிருந்தது. இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக வளர்ந்த தொழில்களில், தமிழ்நாட்டில் அநேகமாக எந்த வீட்டுச் சுவரிலும் தொங்குகிற காலண்டரும் ஒன்று.

காலண்டரை மற்றச் சரக்குகளோடு சேர்த்து எண்ணுவதற்கில்லை. ஜவுளிக்கடை விலாசம் அச்சிட்ட காலண்டர் அந்த ஒரு கடைக்குத்தான் உதவும். தவறிப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டால், அதை ஒருவர் இனாமாகக் கொடுத்தால்கூட இன்னொரு கடைக்காரர் வாங்கிக்கொள்ள மாட்டார். ஜனவரி முதல் தேதி தாண்டிப் போய்ச் சேர்ந்தாலோ, உரிய கடைக்காரரே அதை முகம் சுளித்துத்தான் வாங்குவார், பணத்திலும் பிடித்தம் செய்வார். இடமும் காலமும் ஆகிய இரண்டில் எது பிசகினாலும் நல்ல காகிதமும் நல்ல அச்சும் எடைக்குப் போடவேண்டிய குப்பையாகிவிடுகிற இப்படிப்பட்ட பொருளை, சொந்தத்தில் ஒரு லாரியோ, வெளியூரில் ஒரு குடோனோ, அனுப்பும் வேலைக்கென்று தனியாக ஓர் உத்தியோகஸ்தரோ இல்லாத ஒரு சிறு முதலாளி, முன்பின் பார்த்திராத மனிதர்களின் கைகளில் ஒப்படைத்து, ஊர் ஊராகச் சேர்ப்பிக்கவேண்டியிருக்கிறது.

சீசன் தொடங்குவது ஆடிப் பெருக்கன்று. ஆடிப் பதினெட்டில் பூஜை போட்டு அடுத்த வருஷத்து மாதிரி ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசியில் வழக்கம். ஏஜெண்டுகள் அதை எடுத்துக்கொண்டு ஊர்களுக்குப் புறப்படுகிறார்கள். ஆனால் வாடிக்கைக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் மனம் இரங்குவதில்லை. தீபாவளி வியாபாரம் எப்படியிருக்கிறது என்று பார்த்துவிட்டே பலர் ஆர்டர் கொடுக்கிறார்கள். அரசாங்கத்தின் விடுமுறைப் பட்டியல் வந்தபின்தான் சிவப்பு எழுத்துத் தேதிகள் நிச்சயமாகின்றன. ஆகவே ஆகஸ்டில் ஆரம்பித்த வேலை, நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் வந்து ஒன்றாய்க் குவிந்துகொள்கிறது. அந்த நாட்களில் அச்சகத்தில் யந்திரத்தின் ஓசையைவிடக் கட்டுக் கட்டுகிற இடத்தின் ஓசையே அதிகம்.

கட்டுக் கட்டும் வேலைக்குத் தலைவர், எல்லோரும் ‘பெரியண்ணன்’ என்று அழைக்கிற ஒரு முதியவர். தினசரி காலண்டரின் அட்டை மெல்லியது. அதன் அடியில் தைத்திருக்கும் தாள் கட்டோ கனமாகப் புடைத்து நிற்பது. ஒரே வாக்கில் அடுக்கினால் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாய்ச் சரிந்து, முதல் வேகத்தடையிலேயே அட்டை வளைந்துவிடும். ஆகையால் அவர் ஒன்றைத் தலைமேலாகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டே போகிறார். பொன் நிறப் பளபளப்பு ஏற்றிய அட்டைகள் உராய்ந்தால் சாமி முகத்தில் கீறல் விழும் என்பதற்காக இடையிடையே கழிவுத் தாளைச் செருகுகிறார். விளிம்பு நசுங்காதிருக்க நான்கு பக்கமும் கெட்டி அட்டையை நிறுத்தி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் காகிதம் சுற்றி, பட்டை போட்டு இழுக்கிறார். பட்டையை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு அவரிடம் அளவுகோல் கிடையாது. கட்டின்மேல் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, அந்தச் சப்தத்தைக் கேட்டுவிட்டு நிறுத்துகிறார். அதிகம் இறுக்கினால் ஓரத்து அட்டையில் பட்டை பதிந்துவிடும். தளர விட்டால் கட்டுக்குள் காலண்டர் நடமாட ஆரம்பித்துவிடும்.

ஒரு விஷயத்தை நான் சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன். மேலே சுற்றுகிற காகிதம், நிறம் ஒட்டாமல் ஒதுக்கப்பட்ட அச்சுத் தாள். அதில் முருகனோ லக்ஷ்மியோ மங்கலாக இருப்பார்கள். அந்தத் தாளை அவர் எப்போதும் படம் உள்ளே இருக்கும்படியாகவே சுற்றினார். விலாசம் எழுத வெள்ளைப் பக்கம் வேண்டும் என்பது ஒரு காரணம். “லாரியில ஏத்துற தம்பிங்க இதுமேல கால் வச்சுத்தானே ஏறணும்? சாமி மேல மிதிச்சுட்டோமேன்னு அவங்க மனசு கஷ்டப்படக் கூடாது பாருங்க” என்றார். மிதிக்கிறவனுக்குப் பாவம் சேரும் என்று சொல்லாமல், மிதிக்கிறவன் மனம் வருந்தும் என்று அவர் சொன்னதில் இருந்த நாகரிகத்தை நான் வெகுவாக ரசித்தேன்.

கட்டியான பிறகு விலாசம். சிறு வியாபாரத்தில் நஷ்டத்திற்குப் பெரும் வாசல் இதுதான் என்று நண்பர் சொல்கிறார். திருப்பத்தூர் என்று மட்டும் எழுதி அனுப்பினால் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூருக்கும் போகலாம், வடக்கே அதே பெயரில் மாவட்டத் தலைநகராக இருக்கிற திருப்பத்தூருக்கும் போகலாம். ஆரணியும் இரண்டு, ஆத்தூரோ இரண்டுக்கும் மேல். ஒரு கடைக்காரருடைய ஐந்நூறு காலண்டர்கள் இப்படி வேறு திருப்பத்தூரில் இறங்கி, அங்குள்ள குடோனில் கேட்பாரற்றுக் கிடந்து, பொங்கலுக்குப் பிறகு திரும்பி வந்த கதையை அவர் இன்றும் வேதனையோடுதான் சொல்கிறார். அதற்குப் பிறகு, கட்டின் இரண்டு முகங்களிலும் ஊர்ப் பெயருக்கு மேலே பின்கோடு எண்ணைப் பெரிதாக எழுதவேண்டும் என்று விதி செய்துவிட்டார். 630211 என்றால் ஒரு திருப்பத்தூர். 635601 என்றால் மற்றது. 1972ஆம் வருஷம் சுதந்திர தினத்தன்று தபால் இலாகா ஏற்படுத்திய அந்த ஆறு இலக்கம், தபாலோடு சம்பந்தமே இல்லாத லாரிக் கட்டுக்கும் இவ்வாறு காவலாக நிற்கிறது.

பார்சல் ஆபீஸ் வேறோர் உலகம். நீண்ட தகரக் கொட்டகை. சுவரோரம் ஊர்ப் பெயர்கள். அவற்றின் கீழே குன்றுகளாகக் கட்டுகள். பட்டாசு ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது என்ற அறிவிப்பு. பட்டாசுக்கு ரயிலில் இடமில்லை, இத்தகைய பொதுப் பார்சல் லாரிகளிலும் இடமில்லை; அதற்கு வண்டியும் விதியும் வேறு. முகப்பில் மேஜை போட்டு அமர்ந்திருக்கும் புக்கிங் குமாஸ்தாதான் இங்கே சர்வாதிகாரி. அவர் எழுதிக் கொடுக்கும் எல்.ஆர். என்கிற ரசீது, பார்வைக்குச் சாதாரணத் துண்டுக் காகிதம். ஆனால் சிறு முதலாளியின் மூலதனம் சில நாட்களுக்கு அந்தக் காகித ரூபத்திலேதான் இருக்கிறது. கூலியை இங்கேயே கட்டினால் ‘பெய்ட்’, சேருமிடத்தில் வாங்குபவர் கட்டுவதானால் ‘டு பே’. பாக்கித் தொகை வராத வாடிக்கைக்காரராக இருந்தால், பெறுநர் பெயர் எழுதவேண்டிய இடத்தில் ‘செல்ஃப்’ என்று போட்டுவிடுகிறார்கள். சரக்கு ஊருக்குப் போய்விடும். ரசீது இங்கேயே இருக்கும். பணம் வந்தபின் முதலாளி ரசீதில் கையெழுத்திட்டு அனுப்பினால்தான் அங்கே குடோன் கதவு திறக்கும். கடன் கேட்டு வாசலில் போய் நிற்கச் சங்கோஜப்படுகிற ஒரு மனிதருக்கு இதைவிடக் கௌரவமான ஆயுதம் வேறு கிடையாது.

சரக்கோடு போகவேண்டிய ஈ-வே பில் என்கிற மின்னணுச் சீட்டு 2018 முதல் வந்து சேர்ந்த காரியம். மாநில எல்லை தாண்டும் சரக்கு ஐம்பதாயிரம் ரூபாய் மதிப்பைக் கடந்தால் அது வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயானால் வரம்பு ஒரு லட்சம். இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அதற்கு ஆயுள். வழியில் வண்டி மாறினால் புது வண்டியின் எண்ணைப் பதிந்தாக வேண்டும். பார்சல் சரக்கு வழியில் வண்டி மாறாமல் போவது அபூர்வமாகையால், நண்பர் இரவில் போனும் கையுமாகவே இருக்கிறார்.

இருட்டியதும் லோடு ஏற்றுகிறார்கள். கடைசியாக இறங்கவேண்டிய ஊர் முதலில் உள்ளே போகிறது. முதலில் இறங்கவேண்டியது வாசலோரம் நிற்கிறது. கனமானது கீழே, மென்மையானது மேலே என்ற இன்னொரு நியாயமும் இருக்கிறது. இரண்டு நியாயங்களும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. சென்னைக்குப் போகிற கண்ணாடிச் சாமானும் திருச்சியில் இறங்குகிற இரும்புச் சாமானும் ஒரே வண்டியில் வந்துவிட்டால், லோடுமேன்கள் சற்று நேரம் கட்டுகளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்று, பிறகு யாரும் உத்தரவிடாமலே ஓர் ஒழுங்கில் ஏற்ற ஆரம்பிக்கிறார்கள். படித்தவர்கள் யந்திரக் கணக்கு வைத்துச் செய்கிற காரியத்தை இவர்கள் பீடி புகைகிற நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பதோ உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி.

இந்த வியாபாரத்தில் இறங்குகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ளவேண்டிய ஒரு சட்ட விஷயம் உண்டு. 1865ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு 2007இல் இயற்றப்பட்டு 2011இல் அமலுக்கு வந்த சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, சரக்கு தொலைந்தாலும் சேதமானாலும் லாரிக் கம்பெனியின் பொறுப்பு, கட்டிய கூலியைப்போல் பத்து மடங்கோடு சரி. நூறு ரூபாய் கூலிக்கு அனுப்பிய கட்டுக்கு ஆயிரம் ரூபாய்தான் ஈடு. உள்ளே இருந்தது பதினாயிரம் ரூபாய்ச் சரக்காக இருந்தாலும் சரி. மதிப்பை முன்கூட்டி எழுதிக் கொடுத்து, அதற்கான கூடுதல் கட்டணத்தையும் செலுத்தச் சம்மதித்தால்தான் மேற்கொண்டு கேட்கலாம். வழக்குக்குப் போவதானாலும் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அங்கே வந்துபோன சிறு வியாபாரிகளில் நான் விசாரித்தவர்கள் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. குமாஸ்தாவுக்குத் தெரிந்திருந்தது, யாராவது கேட்டால் சொல்வேன் என்றார்.

தனித் தனியாகக் காலண்டர் கேட்கிற புது வாடிக்கைக்காரர்களும் இப்போது வந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சுருட்டிக் குழலில் போட்டுக் கூரியரில் அனுப்புகிறார்கள். விமானக் கூரியர்களில் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வருகிற எடையும், தராசு காட்டுகிற எடையும் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கூலி. அறுபது சென்டிமீட்டர் நீளமும் பத்து சென்டிமீட்டர் குறுக்களவும் உள்ள குழலில் கால் கிலோகூட இல்லாத காலண்டர் ஒன்றைப் போட்டால், கணக்கில் அது ஒரு கிலோ இருநூறு கிராம் ஆகிவிடுகிறது. “உள்ளே இருக்கிற காத்துக்கும் நாமதான் டிக்கெட் எடுக்கணும்” என்று நண்பர் சிரித்தார். குழலின் விட்டத்தைக் குறைத்ததுதான் இந்த வருஷத்தில் அவர் சம்பாதித்த பெரிய லாபம் என்பது என் அபிப்பிராயம்.

வருணனையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று; சாலைகளும் ரயில் பாதையும் அறுந்துபோயின. காலண்டர் சீசனின் உச்சமான நாட்கள் அவை. அந்த வருஷம்வரை கட்டுக்குள் பிளாஸ்டிக் தாள் வேண்டுமா என்று சில்லறைச் செலவுக்கு யோசித்த நண்பர், அதன்பின் யோசிப்பதில்லை.

ஒரு விவகாரத்தில் மட்டும் அவருக்கும் பெரியண்ணனுக்கும் ஓயாத தர்க்கம். பார்சல் ஆபீஸில் உருப்படிக்குக் குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று இருப்பதால், இருபது கிலோவில் இரண்டு கட்டாக அனுப்புவதைவிட நாற்பது கிலோவில் ஒரே கட்டாக அனுப்பினால் செலவு மிச்சம் என்பது முதலாளியின் கட்சி. “அண்ணாச்சி, நாப்பது கிலோவை எவனும் இறக்கி வைக்க மாட்டான், போடத்தான் செய்வான்” என்பது பெரியண்ணனின் பதில். நான் பார்த்த வரையில் நியாயம் பெரியண்ணன் பக்கமே இருக்கிறது. ஒரு மனிதன் தோளிலிருந்து குனிந்து வைக்கக்கூடிய எடைக்குள் இருக்கிற கட்டு முனை மழுங்காமல் இறங்குகிறது. அதற்கு மேற்பட்டது விழுகிறது. அந்த வித்தியாசத்திற்கு ஆகிற சில ரூபாயைச் செலவு என்று எழுதுவதும், இன்ஷூரன்ஸ் என்று எழுதுவதும் அவரவர் புத்தியைப் பொறுத்தது. சரக்கு அனுப்புகிற வியாபாரிகள் புக்கிங்குக்கு எடுத்துப் போகுமுன் தங்கள் கட்டைத் தாங்களே ஒரு முறை தோளில் தூக்கி, நாலு அடி நடந்து, கீழே இறக்கி வைத்துப் பார்க்கட்டும். அப்படி வைக்க முடியவில்லையென்றால் பிரித்து இரண்டாகக் கட்டட்டும்.